அடுத்துப் படிப்பதாக இருந்த புத்தகம்

ஜேன் ஆஸ்டினின் 'நார்தேங்கர் ஆபி'யில் காதரீன் மார்லண்ட் என்ற பதினேழு வயதுப் பெண், பாத் நகரத்துக்கு வந்த இடத்தில், ஆன் ராட்க்ளிஃபின் 'உடால்ஃபோவின் மர்மங்கள்' படிக்கிறாள். கறுப்புத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது அவளுக்குப் பொருட்டில்லை. அது முடிந்தவுடன் 'இத்தாலிய'னைச் சேர்ந்து படிப்பது என்று சிநேகிதி இஸபெல்லா ஏற்பாடு செய்கிறாள். அதற்கும் பிறகு படிக்க ஒரு ஜாபிதா வேறு வைத்திருக்கிறாள். ஜாபிதாவில் வரும் ஏழு நாவல்களின் பெயர்களும் ஆஸ்டினின் கற்பனை என்று வெகுகாலம் நம்பப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில்தான் அவை உண்மையிலேயே அச்சேறிய புத்தகங்கள் என்று தேடிப்பிடித்தார்கள். எனக்கு அந்த ஏழைவிட, சேர்ந்து படிப்பதாக இருந்த அந்த ஒரு புத்தகம்தான் முக்கியமாகப் படுகிறது. நாவல் முடிகிறவரை காதரீன் அதைத் திறந்ததாகத் தகவல் இல்லை. இஸபெல்லா கொடுத்த மற்ற வாக்குகளைப் போல இதுவும் காற்றில் போயிற்று.

படித்திருந்தால் காதரீனுடைய கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு புத்தகத்தை அளவுக்கு மீறி நேசித்துவிட்ட வாசகர்கள் அதே ஆசிரியரின் அடுத்த புத்தகத்தை எப்படிப் படிக்கிறார்கள், அல்லது படிக்காமல் விடுகிறார்கள் என்பதற்கு இது ஒரு வரலாற்று உதாரணம். பி.ஏ. ஆங்கிலம் படித்த மூன்று வருஷமும் எனக்கு ராட்க்ளிஃப் தேர்வுக்குறிப்பில் வரும் ஒரு பெயர்: வால்போல், ராட்க்ளிஃப், லூயிஸ். அடைப்புக்குறிக்குள் 'உடால்ஃபோ'. 'இத்தாலியன்' அடைப்புக்குறிக்குள்கூட வரவில்லை.

'உடால்ஃபோ' 1794 மே 8ஆம் தேதி நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. பதிப்பாளர்கள் ராபின்ஸன்கள் அதற்குக் கொடுத்தது 500 பவுன். இந்தத் தொகையைக் கேள்விப்பட்ட கேடல் என்ற அனுபவஸ்தரான இன்னொரு பதிப்பாளர், அப்படி இருக்கவே முடியாது என்று 10 பவுன் பந்தயம் கட்ட முன்வந்தாராம். ராட்க்ளிஃப் இறந்தபின் டால்ஃபோர்ட் எழுதிய நினைவுக்குறிப்பில் வருகிறது இது. அடுத்த நாவலான 'இத்தாலிய'னுக்கு 800 பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டது அதே கேடலின் பெயரில் நடந்த கேடல் - டேவீஸ் நிறுவனம்தான். 10 பவுன் என்றதும் இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. ஆஸ்டின் 'நார்தேங்கர் ஆபி'யின் முதல் வடிவத்தை 'ஸூஸன்' என்ற பெயரில் 1803இல் கிராஸ்பி என்ற பதிப்பாளருக்கு விற்றது சரியாக 10 பவுனுக்கு. அவர் அச்சிடவே இல்லை. 1816இல் அதே 10 பவுனைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் பிரதியை மீட்டார்கள். ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்து, புத்தகம் அந்த வருஷக் கடைசியில் வெளிவந்தது. ராட்க்ளிஃப் மீதான ஒரு பந்தயத் தொகை ஆஸ்டினின் ஒரு முழு நாவலுக்கு விலை. வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறவனுக்கு இலக்கிய வரலாறு இப்படித்தான் கண்ணில் படுகிறது, மன்னிக்க வேண்டும்.

'உடால்ஃபோ' ஏன் அப்படி நேசிக்கப்பட்டது என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை. கதை 1584இல் நடக்கிறது. அநாதையான எமிலி அத்தையின் கணவன் மான்டோனியின் பிடியில் அபென்னைன் மலையில் ஒரு பாழடைந்த கோட்டையில் அடைபடுகிறாள். நடுராத்திரி சங்கீதம், வெளிப்பக்கம் தாழ் போட்ட கதவு, ஒரு திரை. திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பதை ராட்க்ளிஃப் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு வாசகனிடமிருந்து மறைத்து, கடைசியில் அது ஒரு மெழுகு பொம்மை, யாரோ ஒருவருடைய பிராயச்சித்தத்துக்காக அழுகிய பிணம்போலச் செய்து வைத்தது என்று சொல்லிவிடுகிறார். வால்டர் ஸ்காட் உட்பட எத்தனையோ பேர் இந்த விளக்கத்தைக் குறை சொன்னார்கள். ஏமாற்றியதற்காக வாசகன் கோபித்துக்கொண்டாலும், ஏமாந்த அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களுக்காகத் திரும்பத் திரும்ப வந்தான். மான்டோனிக்கு வேண்டியதெல்லாம் ஒரு கையெழுத்து, அத்தையின் சொத்தை அவனுக்கு எழுதித் தரும் கையெழுத்து என்பது புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. யாருக்கும் அது நினைவில் நிற்பதில்லை. திரைதான் நிற்கிறது.

ஆகவே 1797 என்று தலைப்புப் பக்கத்தில் அச்சிட்டு மூன்று தொகுதிகளாக வந்த 'இத்தாலிய'னை வாங்கியவர்கள் இன்னொரு திரையை எதிர்பார்த்திருப்பார்கள். ஆரம்பத்தில் அவர்களைத் திருப்திப்படுத்துவதுபோல ராட்க்ளிஃப் நடந்துகொள்கிறார். நேப்பிள்ஸுக்கு வெளியே பாலுஸ்ஸியில் ஓர் இடிந்த வளைவு. அதன் கீழே இருட்டில் ஒரு துறவி தோன்றி விவால்டி என்ற பிரபு வீட்டு இளைஞனை எச்சரித்துவிட்டு மறைகிறான். ஆனால் பிறகு பேய் மெல்லமெல்லக் கதையை விட்டு வெளியேறிவிடுகிறது. அந்த இடத்துக்கு வருவது ஒரு தாயும் அவளுடைய பாவமன்னிப்புக் குருவும்.

கதை 1758இல் தொடங்குகிறது. இருநூறு வருஷத்துக்கு முந்திய கோட்டை இல்லை; ஆசிரியர் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பு. விவால்டி, ஸான் லொரென்ஸோ தேவாலயத்தில் எலேனா என்ற பெண்ணின் குரலைக் கேட்டு, பிறகு முகத்தைப் பார்த்து, மணந்துகொள்ள விரும்புகிறான். அவள் அத்தையோடு சிறிய வீடொன்றில் இருக்கிறாள். குலம் கோத்திரம் தெரியாது. விவால்டியின் தாய் மார்க்கேஸா தன் குருவான ஷெடோனியை அழைத்து ஆலோசனை கேட்கிறாள்.

இங்கே ராட்க்ளிஃப் போகிறபோக்கில் ஒரு தகவல் தருகிறார். எலேனா தையல் வேலை செய்துதான் குடும்பம் நடக்கிறது. வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று, பட்டுப் பூவேலை செய்து பக்கத்துக் கன்னிமாடத்துக்கு ரகசியமாகக் கொடுக்கிறாள்; கன்னியாஸ்திரீகள் அதை நேப்பிள்ஸ் சீமாட்டிகளுக்கு நல்ல விலைக்கு விற்கிறார்கள். மார்க்கேஸா அடிக்கடி உடுத்தும் ஓர் அங்கி இவள் கைவேலை. விவால்டி அதைப் பலமுறை பார்த்திருக்கிறான், தெரியாது. அரண்மனையின் ஓர் அறையை அலங்கரிக்கும் சித்திரங்கள் சில இவள் வரைந்தவை. அதுவும் தெரியாது. இவள் உழைப்பு அந்த வீட்டுக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது, இவள்தான் நுழையக்கூடாது. ராட்க்ளிஃப் இதைப் பெரிதுபடுத்தாமல் தாண்டிப் போய்விடுகிறார். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

நாவலின் உச்சம் என்று பலரும் சொல்வது குத்துவாள் காட்சி. அதற்கு அப்புறம் வருகிறேன். எனக்கு உச்சம், ஸான் நிக்கோலோ தேவாலயத்தில் மாலைப் பிரார்த்தனையின்போது மார்க்கேஸாவும் ஷெடோனியும் பேசும் பேச்சு. எலேனாவைக் கொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். கொலை என்ற சொல்லை எடுக்க இருவருக்கும் மனமில்லை. அவன் சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறான். ஒரு பிரபு குடும்பத்தின் மானத்தைக் கெடுக்கிறவர்களைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லையே என்று வருத்தப்படுகிறான். சட்டம் செய்யாததை நீதி செய்யலாம் அல்லவா? அவள் ஒரு படி ஏறுகிறாள். அவன் உடனே பின்வாங்கி, அவளே அடுத்த படியையும் ஏறும்படி விடுகிறான். அவள் ஏறியபின் அது அவளுடைய யோசனையாக ஆகிவிடுகிறது. அவளுடைய மனஉறுதியைப் பாராட்டுகிறான்; ஆண்மகனுக்குரிய உறுதி என்கிறான். பிறகு கடற்கரையில் ஒரு வீடு, அங்கே ஓர் ஆள் என்று விவரங்கள் வருகின்றன. பக்கத்திலேயே பாவமன்னிப்புக் கூண்டு. அதன் மேலே கடவுள் கேட்டுக்கொண்டிருப்பதாக எச்சரிக்கும் வாசகம் கண்ணில் பட்டு அவள் கலங்குகிறாள். பிறகு இறந்துபோன யாருக்காகவோ பாட ஆரம்பிக்கிறார்கள். அவள் அழுகிறாள். ஷெடோனிக்கு அலுப்பு: பெண்களை நம்பி ஒரு காரியம் செய்ய முடிகிறதா! ஆனால் அந்த அழுகை எதையும் ரத்து செய்துவிடவில்லை. சங்கீதம் ஓய்ந்துவிடும், தீர்மானம் நிற்கும்.

இரண்டு படித்த மனிதர்கள், ஒருவருக்கொருவர் மரியாதை குறையாமல், நீதி, மானம், கடமை ஆகிய நல்ல சொற்களை மட்டுமே உபயோகித்து ஒரு பெண்ணின் உயிருக்கு விலை வைக்கிறார்கள். நம் செய்தித்தாள்களில் இதற்கு இப்போது 'ஆணவக் கொலை' என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே அப்படியே ஒட்டிவிட எனக்குத் தயக்கம்தான். நேப்பிள்ஸ் பிரபுக்களின் குலப்பெருமை வேறு, நம்முடைய ஜாதி வேறு. கொலைகாரர்களை ஒன்றாக்கிவிட்டால் இரண்டுமே புரியாமல் போகும். ஆனால் தமிழில் வாழ்கிற ஒருவன் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, மெழுகு பொம்மை எங்கே என்று தேட மாட்டான். இந்தக் குரல்களை அவன் எங்கோ கல்யாணப் பேச்சுகளின் நடுவே கேட்டிருப்பான்.

இன்னொரு பயமும் நாவலில் வருகிறது. இதைப் பேச 1794க்குத் திரும்ப வேண்டும்.

'உடால்ஃபோ' வெளிவந்த நான்காம் நாள், மே 12, விடியற்காலையில் லண்டனில் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளியின் வீட்டுக்குள் அரசாங்க ஆட்கள் நுழைந்தார்கள். எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்ட லண்டன் கரெஸ்பாண்டிங் ஸொஸைட்டியை 1792இல் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர்; அதன் காரியதரிசி. கர்ப்பிணியான மனைவி படுக்கையில் இருக்கும்போதே வீட்டைச் சோதித்துக் காகிதங்களை வாரிக் கட்டிக்கொண்டு போனார்கள். மந்திரிகள் அடங்கிய பிரிவி கவுன்ஸில் அவரை விசாரித்தது. அதே மாதம் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறையில் வைக்கலாம் என்று ஆயிற்று. மனைவி ஆகஸ்டில் பிரசவத்தில் இறந்தாள். நவம்பர் 5ஆம் தேதி ஜூரிகள் ஹார்டியைக் குற்றமற்றவர் என்று விட்டார்கள். அரசாங்கம் சளைக்கவில்லை. 1795 டிசம்பரில் ராஜதுரோகம், பொதுக்கூட்டம் இரண்டையும் பற்றி இரண்டு சட்டங்கள் வந்தன. எழுதுவதும் பேசுவதும் ராஜதுரோகமாகலாம். ராட்க்ளிஃபின் கணவர் பத்திரிகையாளர். அந்த வீட்டில் இச்செய்திகள் சாப்பாட்டு மேஜைக்கு வந்திருக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சி வேண்டாம்.

'உடால்ஃபோ' வெளியான அதே கோடையில் ராட்க்ளிஃப் தம்பதிகள் ஹாலந்திலும் ஜெர்மனியிலும் பிரயாணம் செய்தார்கள். பிரெஞ்சு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஸ்விட்சர்லாந்துக்குப் போவது உத்தேசம். ஃப்ரைபுர்கில் பாஸ்போர்ட் தகராறு. ஓர் அதிகாரியின் பிடிவாதத்தால் எல்லையைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டார்கள். ஆல்ப்ஸையும் இத்தாலியையும் பக்கம் பக்கமாக வர்ணித்த இந்த அம்மாள் இத்தாலியைக் கடைசிவரை கண்ணால் பார்த்ததில்லை. 1795இல் வெளிவந்த அவருடைய பிரயாண நூலில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

இப்போது மறுபடி 'இத்தாலியன்'. செலானோ ஏரிக்கரையில் ஒரு சிற்றாலயத்தில் விவால்டிக்கும் எலேனாவுக்கும் கல்யாணம் நடக்கப் போகும் நிமிஷத்தில் ஆட்கள் வந்து அவனைக் கைது செய்கிறார்கள். கன்னிமாடத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரீயைக் கடத்தினான் என்று புகார். ரோமாபுரிக்குக் கொண்டுபோய் இன்க்விஸிஷன் மன்றத்தின் முன் நிறுத்துகிறார்கள். புகார் செய்தது யார் என்று சொல்லமாட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள் என்கிறார்கள். எதை ஒப்புக்கொள்வது என்று கேட்டால் அவனுடைய மனசாட்சிக்குத் தெரியும் என்ற தோரணையில் பதில் வருகிறது. ஒரு காரியதரிசி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறான். சித்திரவதை செய்யும் அறை வரை அழைத்துப் போகிறார்கள், சித்திரவதை நடப்பதில்லை. இரவில் பூட்டிய அறைக்குள் ஒரு துறவி வருகிறான். பழைய வாசகன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்: ஆவி! இல்லை. அவன் மன்றத்தின் ஊழியன். உள்ளே வரும் வழி அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான் விளக்கம். 'உடால்ஃபோ'வில் மெழுகு பொம்மை என்று தெரிந்ததும் பயம் தீர்ந்துவிடும். இங்கே விளக்கம் தெரிந்த பிறகு பயம் அதிகமாகிறது.

கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அந்தக் காரியதரிசியின் மேல் ஒரு தனி கவனம் ஏற்படுவது இயல்பு. அவன் கெட்டவன் இல்லை. எதிரே நிற்கிறவன் உண்மை சொல்கிறானா என்பது அவனுடைய வேலை அல்ல. சொன்னதைப் பத்தியில் ஏற்றுவது அவனுடைய வேலை. பத்தி எதுவும் காலியாக இருக்கக்கூடாது. ராட்க்ளிஃப் அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பிற்கால நாவல்களில் இவனுடைய வம்சம் பெருகியிருப்பதைப் படித்தவர்கள் அறிவார்கள்.

வரலாற்றுப்படி இதெல்லாம் சரியா என்று ஒரு கேள்வி உண்டு. சரியில்லை. நேப்பிள்ஸ் ஜனங்கள் இன்க்விஸிஷனை எதிர்த்து 1547லேயே கலகம் செய்தவர்கள். 1746இல் மறுபடி அதைக் கொண்டுவர முயன்றபோது எழுந்த கிளர்ச்சியில் அரசர் சார்லஸ் அங்கே அந்த மன்றத்துக்கே இடமில்லை என்று செய்துவிட்டார். 1758இல் நேப்பிள்ஸ் ராஜ்யத்து எல்லைக்குள் ஒரு பிரபு மகனை இப்படி வாரிக்கொண்டு போவது லேசில் நடக்கிற காரியமில்லை. ராட்க்ளிஃபுக்கு இது தெரியுமோ தெரியாதோ, கத்தோலிக்கர்களைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பத் தயாராயிருந்த இங்கிலீஷ் வாசகர்களுக்கு இது போதுமாயிருந்தது. இந்தச் சுலபமான துவேஷம் நாவலின் ஒரு கறை என்றே நான் நினைக்கிறேன். ஷெடோனி துறவி என்பதாலேயே பாதிக் குற்றம் நிரூபணமாகிவிடுகிறது.

ஆனால் இதே ராட்க்ளிஃப் நாவலின் வாசலில் ஒரு சிறிய முன்கதை வைத்திருக்கிறார். 1764 வாக்கில் சில இங்கிலீஷ்காரர்கள் நேப்பிள்ஸ் அருகே ஸான்டா மரியா தெல் பியான்டோ தேவாலயத்தைப் பார்க்கப் போகிறார்கள். உள்ளே ஒருவன் கைகட்டி உலாவுகிறான். கொலைகாரன், இங்கே அடைக்கலம் புகுந்திருக்கிறான் என்று ஒரு துறவி சொல்கிறார். இங்கிலீஷ்காரன் திகைத்துப்போகிறான்: கொலைகாரனுக்குக் கோயிலில் சோறா? கூட வந்த இத்தாலிய நண்பன் சிரித்துக்கொண்டே, இரக்கம் காட்டாவிட்டால் எங்கள் நகரங்களில் பாதிப் பேர் மிஞ்சமாட்டார்கள் என்ற பொருளில் பதில் சொல்கிறான். இங்கிலீஷ்காரன் தலை குனிகிறான்.

அந்தத் தலைகுனிவை ராட்க்ளிஃப் மேலே விளக்கவில்லை. அந்தக் காலத்து இங்கிலீஷ் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும். மரணதண்டனைக்குரிய குற்றங்கள் 160 என்று பிளாக்ஸ்டன் 1769இல் எழுதினார். கடையில் 5 ஷில்லிங் சாமான் திருடினால் தூக்கு. கொலைகாரனுக்குச் சோறு போடும் தேசத்தைப் பார்த்து, கடைத்திருடனைத் தூக்கிலிடும் தேசம் அதிர்ச்சியடைகிறது! 1764 என்ற வருஷத்தையும் கவனிக்க வேண்டும். மிலான் நகரத்து பெக்காரியாவின் 'குற்றங்களும் தண்டனைகளும்' வெளிவந்தது அந்த வருஷம். ரகசியப் புகார், சித்திரவதை, அடைக்கலம் மூன்றுக்கும் அதில் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. இம்மூன்றும்தான் 'இத்தாலிய'னின் விஷயங்கள். கோதிக் நாவல் என்று சொல்லப்படும் வகைக்கே பிள்ளையார்சுழி போட்ட வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை' வந்ததும், ஆன் ராட்க்ளிஃப் பிறந்ததும் அதே 1764. தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். நான் இதிலிருந்து எதையும் நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் 'உடால்ஃபோ' வால்போலின் வாரிசு, 'இத்தாலியன்' பெக்காரியாவின் பக்கம் நகர்ந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

குத்துவாள் காட்சி. கடற்கரை வீட்டில் தூங்கும் எலேனாவைக் கொல்ல ஷெடோனியே வருகிறான். கூலியாள் ஸ்பலாட்ரோ பயந்து பின்வாங்கிவிட்டான். மார்பை மூடிய துணியை விலக்கினால், கழுத்தில் ஒரு சிறிய உருவப்படம். ஷெடோனியின் படம். தன் மகள் என்று நினைத்து நடுங்கிவிடுகிறான். (பிறகு, அண்ணன் மகள் என்று தெரியும்.)  அன்றைக்கு இதைப் படித்தவர்களின் கை நடுங்கியிருக்கலாம். எனக்கு இதில் ஒரு தந்திரம் தெரிகிறது. அதுவரை ஷெடோனி முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் குலத்தின் பெயரால் கொல்ல இருந்தான். படம் தெரிந்ததும் அவள் அவனுடைய குலமாகிவிடுகிறாள். அவன் திருந்தவில்லை, கணக்கு மாறிவிட்டது. இப்போது அவனே இந்தக் கல்யாணத்தை நடத்திவைக்கத் துடிக்கிறான், விவால்டி வீட்டுச் சம்பந்தம் கசக்குமா என்ன. இந்த இடத்தில் ராட்க்ளிஃப் இரக்கமில்லாமல் எழுதியிருக்கிறார். மெச்ச வேண்டும். ஆனால் முடிவில் எலேனா உயர்குலம்தான், ஒரு பிரபுவின் மகள்தான் என்று நிலைநாட்டிவிட்டுக் கல்யாணத்தையும் செய்துவைக்கிறார். அப்படியானால் ஸான் நிக்கோலோவில் பேசிய பேச்சு தவறான விலாசத்துக்குப் போன கடிதம், அவ்வளவுதானா? நிஜமாகவே குலம் கோத்திரம் தெரியாத பெண்ணாக அவள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு நாவலில் பதிலில்லை. கடைசிப் பக்கங்களில் வேலைக்காரன் பாவ்லோ, எஜமானனுக்காகத் தானும் சிறைக்கு வருவேன் என்று அடம்பிடித்தவன், சந்தோஷம் தாங்காமல் கத்திக்கொண்டே ஓடுகிறான். அவன் ஒருவன்தான் அந்த விருந்தில் எனக்குப் பிடித்தவன்.

'இத்தாலியன்' படிக்கப்படாமல் போகவில்லை. நன்றாகவே விற்றது. ஷெடோனியின் முகம் பைரனின் நாயகர்களுக்கு வந்து சேர்ந்தது என்று எல்லா இலக்கிய வரலாற்றிலும் போட்டிருக்கிறது. ஆனால் நேசம் 'உடால்ஃபோ'வோடு தங்கிவிட்டது. நடுவில் 1796இல் மாத்யூ லூயிஸ் என்ற இருபது வயதுப் பையன், 'உடால்ஃபோ'வைப் படித்த உற்சாகத்தில், 'துறவி'யை வெளியிட்டிருந்தான். அதில் பேய் பேய்தான். சாத்தானே நேரில் வந்துவிடுகிறான். திரைக்குப் பின்னால் நிஜமாகவே ஏதாவது வேண்டும் என்றவர்களுக்கு இனி அங்கே போகலாம். ராட்க்ளிஃபுக்கு அந்த வழி சம்மதமில்லை. திகில் மனத்தை விரித்துக் கொடுக்கும், அருவருப்பு அதைச் சுருக்கி உறைய வைக்கும் என்று அவர் கொண்டிருந்த பேதம், அவர் இறந்தபின் 1826இல் ஒரு பத்திரிகையில் அச்சான கட்டுரையில் இருக்கிறது.

இப்போது காதரீன். 'உடால்ஃபோ' படித்த கண்ணோடு ஜெனரல் டில்னி வீட்டுக்குப் போகிறாள். அவர் மனைவியைக் கொன்றிருப்பார் அல்லது அடைத்து வைத்திருப்பார் என்று சந்தேகிக்கிறாள். ஜெனரல் அவளுக்கு மான்டோனியாகத் தெரிகிறார். பழைய அலமாரியைத் திறந்தால் சலவைக் கணக்கு. காதலன் ஹென்றி அவளைக் கண்டிக்கிறான்: இது இங்கிலாந்து, சட்டம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, அக்கம்பக்கத்தார் எல்லோரும் வேவு பார்க்கிறார்கள், இங்கே அப்படியெல்லாம் நடக்குமா என்ற தோரணையில். அவள் அழுதுகொண்டு ஓடுகிறாள். 1794க்குப் பிந்திய இங்கிலாந்தில் வேவுகாரர்களை ஒருவன் பாதுகாப்புக்கு அத்தாட்சியாகக் காட்டுவதில் ஆஸ்டினின் சிரிப்பு எவ்வளவு, ஹென்றியின் அசட்டுத்தனம் எவ்வளவு என்று இன்னும் விவாதிக்கிறார்கள். பிறகு என்ன நடக்கிறது? பெண் பணக்காரி இல்லை என்று தெரிந்த நாளில் ஜெனரல் அவளை, துணைக்கு ஆள்கூட இல்லாமல், 70 மைல் தூரம் வாடகை வண்டியில் வீட்டுக்குத் துரத்திவிடுகிறார்.

ஜெனரல் டில்னி மான்டோனி அல்ல. அவர் மார்க்கேஸா. மகன் யாரைக் கட்டிக்கொள்கிறான் என்பதில் குடும்பச் சொத்தும் மதிப்பும் கட்டுண்டு கிடக்கிற ஒருவர். கத்தி எடுக்கத் தேவையில்லாத நாட்டில் வண்டியை வரவழைக்கிறார். காதரீன் அவருடைய வீட்டில் தேடியது பழைய குற்றத்தை, இறந்துபோன மனைவியை. நடந்துகொண்டிருந்தது அவளைப் பற்றிய பேரம். 'இத்தாலிய'னின் அந்தத் தேவாலய அத்தியாயத்தை அவள் படித்திருந்தால், சாப்பாட்டு மேஜையில் ஜெனரல் காட்டிய அளவுமீறிய உபசாரத்திலேயே ஏதோ விலை விசாரணை நடக்கிறது என்று அவளுக்கு உறைத்திருக்கும். ஆஸ்டின் 'இத்தாலிய'னைப் பெயர் சொல்லிவிட்டுத் திறக்காமல் வைத்தது வேண்டுமென்றே என்று நான் வாதாடப் போவதில்லை. புத்தகம் அங்கே இருக்கிறது, மேஜையின்மேல், அடுத்ததாக.

ராட்க்ளிஃப் 'இத்தாலிய'னோடு நிறுத்திக்கொண்டார். அப்போது அவருக்கு 32 வயது. 1823 பிப்ரவரியில் இறக்கும்வரை 26 வருஷம் ஒரு நாவலும் வெளியிடவில்லை. தன் கற்பனைப் பயங்களாலேயே சித்தம் கலங்கிப் போய்விட்டார் என்று ஊரில் வதந்தி. அவரோ கணவரோடு தென்கடற்கரை ஊர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டும் இருந்திருக்கிறார். 1798இல் தந்தையும் 1800இல் தாயும் இறந்து கொஞ்சம் சொத்து வந்தபின் எழுதிச் சம்பாதிக்க வேண்டிய அவசியமில்லை என்கிறார்கள். இருக்கலாம். அந்தக் கணவர் பக்கத்துக் காரணம், இந்த உடல்நிலைக் காரணம் என்று வேறு காரணங்களும் சொல்வதுண்டு. நான் நினைப்பது, பேய் இல்லாமலே பயத்தை எழுதிவிட்ட ஒருவருக்கு வாசகர்கள் மறுபடி மறுபடி கேட்கும் அந்தத் திரையைத் தைத்துக்கொண்டிருப்பது அலுத்திருக்கும். நிஜமான பேய் வரும் ஒரே ஒரு கதையை, 'காஸ்டன் தெ ப்ளாண்டவி'லை, 1802 வாக்கில் எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். 1826இல் மற்றவர்கள் அதை வெளியிட்டார்கள்.

'இத்தாலிய'னின் முன்கதையில் வரும் இங்கிலீஷ்காரர்கள், கொலைக் கதையைச் சொல்லும் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படிக்க ஆரம்பிக்கிறார்கள். நாவல் முடியும்போது அவர்கள் திரும்பி வருவதில்லை. படித்துவிட்டு என்ன நினைத்தார்கள் என்று ராட்க்ளிஃப் சொல்லவில்லை. தேவாலயத்துக்குள் உலாவிக்கொண்டிருந்த அந்த மனிதன் யாரைக் கொன்றான் என்பதையும் சொல்லவில்லை.